வாயை மூடக் கற்றுக்கொடுக்கும் என் மகள்

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மச்சான் ஜெயராஜ் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அக்கா கமலமும், ஒழுகுகிற குசினிக் கூரையைத் தவிர வேறு குறை எதுவுமில்லாமல் இருக்கிறோம். நீங்களும் வீட்டாரும் கொழும்புப் புழுக்கத்தில் அதேபோல இருக்கக் கதிர்காமத்து முருகனை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதாமல் தபாலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் போன் மக்கர் பண்ணினால் அதைத் திறந்து பார்ப்பவள் நம்ம பிள்ளை சுகிர்தா. இது அவள் கண்ணில் படக்கூடாத விஷயம். நேராகவே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மருமகளுக்கு உங்கள் வங்கியில் ஒரு வேலை வேண்டும். எந்த வேலையானாலும் சரி, யாராவது கேட்டால் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய வேலையாக இருந்தால் போதும்.

நான் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த காலம் முழுக்க என் வேலையை யாருக்கும் விளக்கவேண்டி வந்ததில்லை. பஸ் வரும், நேரம் குறிப்பேன், பஸ் போகும். இவள் வேலையைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவருக்குக் கொடுத்த ப்ளேன்டி ஆறிப்போகிறது. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாளா என்கிறார்கள், இல்லை. வைத்தியம் பார்க்கிறாளா, இல்லை. வழக்குப் பேசுகிறாளா, அதுவும் இல்லை. யாராலோ துன்பப்பட்ட ஒரு பிள்ளை, நடந்ததைப் பொலிஸில் ஒரு தரம், ஆஸ்பத்திரியில் ஒரு தரம், நன்னடத்தை உத்தியோகத்தரிடம் ஒரு தரம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியாமல், ஒரே அறையில், ஒரே ஆளிடம், ஒரு தரம் மட்டும் சொல்வதற்கு அங்கங்கே நிலையங்கள் திறந்திருக்கிறார்களாம். சரி, நல்லது. அந்த ஆளாவது நம்ம பிள்ளையா என்றால், அதுவும் இல்லை! அந்த ஆளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆள்தான் நம்ம பிள்ளை. என்ன பயிற்சி? எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று. அதற்கு மூன்று நாள், கலர்ப் பேனா, காலையும் மாலையும் தேநீர். நம்ம வீட்டில் உங்கள் அக்கா அதே பாடத்தை எனக்கு ஒற்றைப் பார்வையில் நடத்தி முடித்துவிடுவாள்.

போன செவ்வாய்க்கிழமை இவர்களுடைய வேன் வரவில்லை. தெல்தெனியவில் புதிதாகத் திறந்த நிலையத்தில் பயிற்சி. ஆகையால் என் பழைய காரை எடுக்கச் சொன்னாள். கூட வந்தது இவளோடு வேலைசெய்கிற ஹபீலா, அக்குறணைப் பிள்ளை, இவளைப் போலவே படித்துப் பட்டம் வாங்கிக் கெட்டுப்போனவள். பின் சீட் முழுக்கப் பெட்டிகள், சுருட்டிய காகிதம், மூக்கு இல்லாத ஒரு துணிக் கரடி. அங்கே போய் இறங்கினால் வாசலில் பெயர்ப்பலகை: “சிறுவர் வக்கீல் நிலையம்.” “அட்வொகசி” என்ற இங்கிலீஷ் சொல்லைக் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு எந்த மகராசன் இப்படி மொழிபெயர்த்தானோ! அதை நம்பி அங்கம்மா என்றொரு கிழவி காணி உறுதிப் பத்திரத்தோடு வந்து முன் வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டான் வேலியை நகர்த்திவிட்டானாம். “இது சிறுவருக்குள்ள எடம் ஆச்சி” என்றேன். “என் காணியும் சின்னதுதான் தம்பி” என்றது. மாலைவரை அது எழும்பவே இல்லை. தேநீரோடு கொடுத்த ரோல்ஸ் மட்டும் மூன்று சாப்பிட்டது.

பயிற்சி தொடங்கியது என்றார்கள். பொலிஸ் சார்ஜன்ட், டாக்டர் அம்மா, நிலையத்தில் வேலைக்கு எடுத்திருக்கிற பிள்ளைகள், எல்லாரும் வட்டமாக நின்று பந்து எறிந்து விளையாடினார்கள். பந்தைப் பிடித்தவர் பெயரையும் பிடித்த சாப்பாட்டையும் சொல்லவேண்டுமாம். ஸிபான் என்கிற அந்தச் சார்ஜன்ட் பந்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்துவிட்டு, “சோறு” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்! பிறகு கொழும்பிலிருந்து வந்த தாளை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பிள்ளையிடம் பக்குவமாக விவரம் கேட்டறிவதற்கு இங்கிலீஷில் “ஃபொரென்சிக்” என்று ஏதோ சொல்வார்களாம்; அதற்கு அதே மகராசன் போட்டிருந்த தமிழ் “பிரேத விசாரணை.” “பிரேத விசாரணை தொடங்குமுன் பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவும்” என்று ஹபீலா வாசிக்க, டாக்டர் அம்மாவுக்குச் சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. சுகிர்தா எழும்பி, எல்லாத் தாளிலும் அந்தச் சொல்லைப் பேனாவால் வெட்டினாள். இதற்குத்தானா மச்சான், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம்?

அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே கூசுகிறது. கேள்வி கேட்டுப் பழகவேண்டும், யாராவது பிள்ளையாக நடியுங்கள் என்றாள். ஒருவரும் வரவில்லை. மகள் மானத்தைக் காப்பாற்றுவோம் என்று நான் போய் உட்கார்ந்தேன். இன்று காலை எப்படி வந்தீர்கள், இவ்வளவுதான் கேட்கவேண்டியது. நான் “கார்ல வந்தேன், நேரா வந்தேன்” என்றேன். ஸிபான் சார்ஜன்ட் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வர்ற வழியில, திகனயில நிப்பாட்டின தானே?”

“இல்லீங்க.”

“நல்லா யோசிச்சு செல்லுங்க. கடைக்குள்ள போன தானே?”

“இல்லன்னு சொல்றேனே.”

“பயப்பட வாணாம். எல்லாருந்தான் நிப்பாட்டுவாங்க. கடையில ஆரோட சண்டை?”

மச்சான், டிப்போவில் எந்த டிரைவரும் என்னிடம் பொய் சொல்லித் தப்பியதில்லை. அப்படிப்பட்ட நான், அந்த மனுசன் விட்டால் போதும் என்று, திகனயில் காரை நிப்பாட்டினேன், கடைக்குள் போனேன், முதலாளியோடு சண்டையும் பிடித்தேன் என்று ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டேன். திகனயில் நான் பிரேக்கைக்கூட மிதிக்கவில்லை! சார்ஜன்ட் முகத்தில் வழக்கை முடித்த சந்தோஷம். நம்ம பிள்ளை என்ன செய்தாள்? அப்பாவுக்காக ஒரு வார்த்தை பேசினாளா? சபையைப் பார்த்து, “எங்கப்பா ஒரு டிப்போவையே அதட்டி வச்சிருந்தவர். அவரே நடக்காதத நடந்துச்சுன்னு சொல்லிட்டார். ஏழு வயசுப் பிள்ளைய இப்பிடிக் கேட்டா என்ன ஆகும்?” என்றாள். எல்லாரும் என்னை உதாரணமாக எழுதிக்கொண்டார்கள். அங்கம்மா மட்டும், “பாவம், கடக்காரன்தான் மொதல்ல வம்புக்கு வந்திருப்பான்” என்று எனக்காகப் பேசியது.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. தோட்டத்துப் பொம்பளை ஒருத்தி, சின்னப் பிள்ளை ஒன்று, பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு. இது நடிப்பில்லை, நிசம். பந்து விளையாடிய கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. சார்ஜன்ட் வழக்கம்போல பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “என்ன நடந்த?” என்று கேட்கப் போனார். பிள்ளை அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. சுகிர்தா குறுக்கே போய் நின்றாள். இந்த ஒல்லிப் பிள்ளை, அந்த ஆறடி மனுசனுக்கு முன்னால். சத்தம் போடவில்லை. “சார்ஜன்ட், இப்ப வேணாம்” என்றாள், அவ்வளவுதான். அவர் நின்றுவிட்டார். நிலையத்துப் பிள்ளை நிஷாந்தினி முட்டிபோட்டு உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் சப்பாத்தைப் பற்றி ஏதோ பேசி, உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவு மூடியது.

உங்கள் மருமகள் உள்ளே போனாள் என்றா நினைக்கிறீர்கள்? போகவில்லை! கதவுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து நின்றாள். மழை பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தது. என்னைத் தும்மக்கூட விடவில்லை. “நீ போய்க் கேட்டா சீக்கிரம் முடியும்தானே?” என்றேன். “நான் அடுத்த கிழமை இங்க இருக்க மாட்டேன்பா, நிஷாந்தினிதான் இருப்பா” என்றாள். பிறகு கதவு திறந்தது. பிள்ளை வெளியே வந்து தாயிடம், “பசிக்குதும்மா” என்றது. தாய் அப்போதுதான் அழத் தொடங்கினாள். அங்கம்மா தனக்கென்று மடியில் எடுத்துவைத்திருந்த நாலாவது ரோல்ஸைப் பிள்ளையிடம் நீட்டியது. நிஷாந்தினியைத் தனியே கூப்பிட்டு ஏதோ பேசிய சுகிர்தா, கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள். திரும்பும்போது, நீர்த்தேக்கம் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ளைக்கு என்னதான் நடந்துச்சு?” என்று கேட்டேன். “எனக்குத் தெரிய வேண்டியதில்லப்பா. உங்களுக்கும் தேவையில்ல” என்றாள். கார் என்னுடையது, அவமானம் என்னுடையது, எனக்குத் தேவையில்லையாம்!

ராத்திரி சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிவிட்டாள். கேட்டால் தலைவலி. இந்தத் தலைவலி எதற்கு, மச்சான்? நன்றி சொல்ல ஆளில்லாத வேலை. செய்ததற்கு அடையாளமே இல்லாத வேலை. வங்கியில் ஒரு கதிரை, ஒரு கவுண்டர், பின்னேரம் பூட்டினால் அதோடு சரி. நீங்கள் உங்கள் மனேஜரிடம் பக்குவமாகப் பேசுங்கள். அவளிடமும், உங்களுக்கே தோன்றியதுபோல, நீங்களே சொல்லுங்கள். தாய்மாமன் பேச்சைத் தட்டமாட்டாள்.

வீட்டில் எல்லாருக்கும் எங்கள் விசாரிப்பு. சின்னவர்களுக்கு எங்கள் ஆசீர்வாதம். படிப்பும் சுகமும் குறைவில்லாமல் கூடட்டும். கமலம் இஞ்சி ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், கண்டிப் பக்கம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் அத்தான்,
ராஜலிங்கம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சுகிர்தாவின் போன் அடித்தது. அவளும் தாயும் கோயிலுக்குப் போயிருந்தார்கள், நான் எடுத்தேன். ஸிபான் சார்ஜன்ட். ஒரு பையனைக் கூட்டிவந்திருக்கிறார்களாம், நிஷாந்தினி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாளாம். “அவங்க வரங்காட்டியும் நான் என்னத்தக் கேக்கிற?” என்றார். “ஒண்ணும் கேக்காதீங்க” என்றேன். “சும்மா ஈக்கிறதா?” “ஆமா, சும்மா இருங்க. தொப்பியக் கழட்டி வைங்க. அவனா பேசினா கேட்டுக்குங்க, பேசாட்டி விட்டுடுங்க. வேற யாரையும் கிட்ட விடாதீங்க.” என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். “சரி சேர். நீங்களும் அவங்கட ஆபீஸா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆகவே மச்சான், மனேஜரிடம் பேசவேண்டாம். இந்தப் பின்குறிப்பைப் படிக்குமுன்னே அவசரப்பட்டுப் பேசிவிட்டிருந்தால், பிள்ளைக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். வியாழக்கிழமை புசல்லாவையில் பயிற்சி. இந்தத் தரம் வேன் வருகிறதாம். வேன் வேண்டாம், என் கார் இருக்கிறது என்று நான் சொல்லி அனுப்பிவிட்டது சுகிர்தாவுக்கு இன்னும் தெரியாது.