என் சாவுக்கு வராத அண்ணனுக்கு

கச்சிராயபாளையம்,
ஞாயிறு.

மரியாதைக்குரிய அண்ணன் ராமசாமி அவர்களுக்கு, தம்பி பச்சமுத்து கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும் சாலம்மாளும் மகள் இலக்கியாவும் சுகம். தங்கள் வீட்டிலும் அனைவரும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். பொதுக் கிணற்றில் யார் எப்போது தண்ணீர் பாய்ச்சுவது என்ற முறைத் தகராறில் நம் பேச்சு நின்று பதினோரு வருடம் ஆகிறது. போனையும் தாங்கள் எடுப்பதில்லை என்பதால் கடிதம். போன வியாழக்கிழமை நான் செத்துப்போனேன். தாங்கள் வரவில்லை.

நடந்தது இதுதான். இலக்கியா பல்கலைக்கழகத்தில் மல்டிமீடியா மேற்படிப்பு படிக்கிறாள். கடைசி வருடத்துக்கு ஒரு குறும்படம் எடுத்தாக வேண்டுமாம். கதையில் ஒரு விவசாயி சாகிறான். இத்தனை பெரிய ஊரில் சாவதற்கு என்னை விட்டால் ஆள் கிடைக்கவில்லை. என் பெயரும் போட்டோவும் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் செய்து கள்ளக்குறிச்சிக் கடைக்கு அனுப்பியவள், வீட்டுக்குக் கொண்டுவரும்படி சொல்ல மறந்துவிட்டாள். கடைக்காரர்கள் எல்லாச் சாவுக்கும் செய்வது போல முதல் பஸ்ஸுக்கு முன்பே பஸ் நிறுத்தத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் வாசலில், கரண்ட் கொடுக்காத ஐஸ் பெட்டிக்குள் படுத்து, இரண்டு கேமராவும் ஓடத் தொடங்கியபோது ஊரே மாலையோடு வந்து நிற்கிறது. மேளக்காரர் தானாகவே வந்துவிட்டார். எழுந்திருக்கப் பார்த்தேன். மூச்சுக்காகத் திறந்து வைத்திருந்த மூடி இடுக்கில் பெற்ற மகள் குனிந்து, "யப்பா, ஆடாம படுப்பா. எல்லாம் நெஜமாவே அழுதுக்கினு இருக்காங்க, இந்த மாதிரி சீன் மறுபடி கெடைக்காது" என்கிறாள். சாலம்மாளுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக் குலுங்கினாள். அதைப் பார்த்து உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்த கொழுந்தியாள் மணிமொழி மாரில் அடித்துக்கொண்டாள்.

பத்து மணிக்கே என்னைத் தூக்கியிருப்பார்கள். பெரியவர்கள்தான், "அண்ணங்காரன் வரட்டும். கூடப் பொறந்தவன் மூஞ்சி பாக்காம எப்பிடி எடுக்கறது?" என்று நிறுத்தினார்கள். உனக்காகத்தான் காத்திருந்தோம் அண்ணா. இனித் தாங்கள் கீங்கள் எல்லாம் எனக்கு வராது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நீதான் என்று நினைத்தேன். கிணற்றடியில் என்னோடு அடித்துக்கொள்ள மட்டும் எப்படி ஓடி வந்தாய்! பன்னிரண்டரைக்குப் பாடை கட்ட மூங்கில் வந்ததும் வேறு வழியில்லாமல் எழுந்து உட்கார்ந்தேன். மேளக்காரர் மேளத்தைப் போட்டுவிட்டு ஓடினார். மணிமொழி, "நல்லா இருக்குது மாமா! லீவு போட்டுக்கினு வந்து அழுவுறேன், இன்னா வெளையாட்டு இது?" என்று பெட்டியை உதைத்தாள்.

அதெல்லாம்கூடப் போகட்டும். படத்தைப் பார்த்த பேராசிரியர், "இறந்தவரின் அண்ணன் கூப்பிடு தூரத்தில் இருந்தும் வரவில்லை என்பது நம்பும்படி இல்லை, மாற்றுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். எனக்கும்தான் நம்ப முடியவில்லை. அடுத்த முறை நிஜமாகவே செத்தால் உனக்குச் சொல்லி அனுப்ப மாட்டேன்.

அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். நீ நூறு வருடம் இரு. என்னைப் போல் பாதியில் போய்விடாதே.

இப்படிக்கு,
காலமான தம்பி
பச்சமுத்து

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். படத்தை மாற்றுவதற்காக இலக்கியா இரண்டாவது கேமராவில் பதிவானதை ஓட்டிப் பார்த்தவள், "யப்பா, இங்க வா, இது பெரியப்பாதான?" என்று பெரிதாக்கிக் காட்டினாள். தெருமுனைக் கரண்ட் கம்பத்துக்குப் பின்னால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். காலை எட்டே காலிலிருந்து நிற்கிறாய். மேலே எழுதியது எதையும் படிக்காதே. நாலு மணி நேரம் நின்றவன் ஏன் அண்ணா கிட்டே வரவில்லை? வந்திருந்தால் நான் கண்ணைத் திறந்திருப்பேனே.