தோளில் ஏறாத மருமகன்

“என் பேரு குட்டி. வயசு நாலு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, பச்சைக் கேட் போட்ட வீடு, மூணாவது மாடி.”

“அப்புறம் என்ன சொல்லணும்?” என்றாள் அக்கா.

“எங்க அம்மாவைக் கூப்பிடுங்க, ப்ளீஸ்.”

“சமத்து. வெளிய எங்கயாவது தொலைஞ்சு போனா, யூனிஃபார்ம் போட்டவங்ககிட்டப் போய் இதை அப்படியே சொல்லணும். அழக்கூடாது.”

“தமிழ்ல சொன்னா இந்த ஊர் போலீசுக்குப் புரியுமா?” என்று அத்தான் கேட்டார். வெளிநாட்டுப் பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தார்.

“புரியலைன்னா அப்புறம் அழுதுக்கட்டும்.”

இந்தப் பாடத்தில் அவள் தம்பியான லிஃப்ட் மெக்கானிக்குக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அக்கா மகன் அதைப் பேக்கரிக்காரன் மடியில் உட்கார்ந்து ஒப்பித்ததுதான் அவன் வயிற்றில் நெருப்பை வைத்தது.

அந்த வீட்டில் மெக்கானிக்கும் பேக்கரிக்காரனும் ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள். ஊரிலிருந்து அக்கா, அத்தான், குழந்தைகள் இருவரும் விடுமுறைக்கு வந்ததால், மெக்கானிக் தன் அறையை அவர்களுக்கு விட்டுவிட்டுச் சமையலறையில் படுத்தான். முதுகு வலித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது விமான நிலையத்தில் நடந்தது. “வாடா குட்டி” என்று இவன் கையை விரித்தான். பையன் அம்மாவின் துப்பட்டாவுக்குள் ஒளிந்தான். பெட்டி தூக்க உதவிக்கு வந்த பேக்கரிக்காரனிடம் ஏதோ கேட்டான். அவன் ஏதோ சொன்னான். அவ்வளவுதான், தாவி அவன் இடுப்பில் ஏறிக்கொண்டான்.

நாளை மாலை விமானம். இன்றுதான் கடைசியாகச் சுற்றிப் பார்க்கிற நாள்.

“ஒரே ஒரு தடவை என் தோள்ல ஏறினாப் போதும்க்கா. அம்மா போட்டோ கேட்டிருக்காங்க, பிரேம் பண்ணி மாட்டணும்னு. மூணு வருஷமா என் சாப்பாட்டு நேரம் பூரா இவனுக்காகப் போன்ல கழுதை மாதிரி கத்தியிருக்கேன். ‘நீ வாடா, தோள்ல ஏத்திக்கிட்டு ஊரையே காட்டுறேன்’னு சொல்லிச் சொல்லி வெச்சிருந்தேன். வந்தா நேரா அந்தத் தடியன் மடியில போய் உட்கார்றான்.”

“குழந்தைக்குப் புதுசுடா. பழகிடுவான்.”

“அவன் மட்டும் பழசா?”

அக்காவும் தன்னாலான யோசனையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் வருவதற்கு முந்தைய நாளே மெக்கானிக் மூன்று வருடத் தாடியை எடுத்திருந்தான். தம்பி வெளிநாட்டில் பரதேசி மாதிரித் திரிகிறான் என்று அத்தான் ஊரில் போய்ச் சொல்லிவிடக் கூடாதே. “ஒருவேளை மீசையைப் பார்த்துப் பயப்படுறானோ” என்று அக்கா சொன்னதும் மறுநாள் மீசையும் போயிற்று. பையன் முன்னைவிட இரண்டடி தள்ளி நின்றான்.

“கிளம்புங்க, கிளம்புங்க” என்று பேக்கரிக்காரன் கொட்டாவி விட்டான். இரவெல்லாம் அடுப்பு முன்னால் நின்றுவிட்டு வந்தவன். “நான் தூங்கணும். ராத்திரி மறுபடி ஷிஃப்ட்.”

“இவரும் வரட்டும்” என்றான் குட்டி.

“வரமாட்டார்” என்றான் மெக்கானிக், தேவைக்கு மேல் சத்தமாக.

பேக்கரிக்காரன் பையனை இறக்கிவிட்டுக் குளிக்கப் போனான். அப்போதுதான் மெக்கானிக்கின் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. வாசனை. இவன் மேல் கிரீஸ் நாறுகிறது, அவன் மேல் பன் மணக்கிறது. எந்தக் குழந்தைதான் கிரீஸைத் தேடி வரும்? ஆணியில் தொங்கிய பேக்கரிக்காரனின் நீல ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டான். உள்ளே இன்னொரு ஆளைக் குடி வைக்கலாம். அவ்வளவு இடம் இருந்தது.

அந்த அவசரத்தில் சார்ஜில் போட்ட தன் போனை எடுக்க மறந்ததை, பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உணர்ந்தான்.

“என் போன் இருக்கே, வழி பார்த்துக்கலாம்” என்றாள் அக்கா. அவள் போன் குட்டியின் கையில் இருந்தது. அது இருந்தால்தான் அவன் சீட்டில் உட்காருவான்.

மெக்கானிக் மெல்ல நகர்ந்து மருமகன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஸ்வெட்டர் கையை அவன் மூக்கருகே கொண்டுபோனான். பையன் முகர்ந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. பிறகு நிமிர்ந்து ஆளைப் பார்த்தான். மலர்ந்தது கூம்பியது.

“இது பேக்கரி அங்கிளோட ஸ்வெட்டர்.”

“ஆமாடா செல்லம்.”

“அவர்கிட்டக் கேட்டு எடுத்தீங்களா?”

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பினான். “திருடிட்டீங்களா?” என்றான் பையன், அதே மரியாதையோடு.

“பார்த்தியா,” என்றாள் அக்கா பெருமையாக, “எப்படி ‘நீங்க’ ‘வாங்க’ன்னு பேசுறான். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.”

பையன் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டான். சற்று நேரத்தில் குசுகுசுவென்று சத்தம் கேட்டது. மெக்கானிக் திரும்பிப் பார்த்தான். குட்டி போனை வாய்க்கு நேராகப் பிடித்து, ஒரு கையால் மறைத்துக்கொண்டு, எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். முடித்துவிட்டுத் திரைக்கு ஒரு முத்தமும் கொடுத்தான்.

இவனுக்கு நான்கு நாளாக ஒரு முத்தம் கிடையாது.

“யாருக்கு அனுப்புறான்?” என்று ஏழு வயது மருமகளிடம் கேட்டான்.

“ரகசியமாம். என்கிட்டயே சொல்லமாட்டேங்கிறான்.”

“ஒட்டுக் கேட்டுச் சொல்லு. ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்.”

“ரெண்டு.”

“சரி, ரெண்டு.”

அவள் சீட்டுக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி போய்விட்டு வந்தாள். “கடைசி மட்டும்தான் கேட்டுச்சு. ‘சீக்கிரம் வாங்க’ன்னு சொல்றான்.”

மெக்கானிக்குக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விமான நிலையத்தில் கூட்டத்தில் தேட வசதியாக இருக்கும் என்று பேக்கரிக்காரன் நம்பரை அக்காவுக்குக் கொடுத்தவன் இவனேதான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. தூங்கப் போறேன் என்று கொட்டாவி விட்டானே அந்தத் திருடன், வீட்டில் படுத்துக்கொண்டே மருமகனை இழுக்கிறான்.

நகரத்தின் பெரிய கோபுரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மேலே கண்ணாடி மண்டபம், அங்கிருந்து ஊர் முழுக்கத் தெரியும். மேலே போக ஒரே ஒரு பெரிய லிஃப்ட். மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்தினான். இது அவன் களம்.

லிஃப்ட் ஏறத் தொடங்கியதும், அக்காவின் இடுப்பில் இருந்த குட்டி இவனையே உற்றுப் பார்த்தான். மெதுவாக ஒரு விரலை நீட்டினான். மெக்கானிக்கின் மூக்கை அழுத்தினான். காத்திருந்தான். மறுபடி பலமாக அழுத்தினான்.

வேறு நேரமாக இருந்தால் மெக்கானிக் உச்சி குளிர்ந்திருப்பான். ஆனால் அந்த நொடியில் அவன் காதில் ஒரு சத்தம் விழுந்திருந்தது. கீச். மறுபடியும் கீச். லிஃப்டுக்குள் சத்தம் கேட்டால் அவனுக்குச் சொந்தம் பந்தம் எதுவும் தெரியாது.

“ஸ்ஸ், சும்மா இரு” என்றான்.

பையன் விரலை எடுத்துக்கொண்டான்.

மேலே போய் நின்றதும் மெக்கானிக் தன் கம்பெனி அட்டையை எடுத்தான். மருமகன் பார்க்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, லிஃப்ட் காவலாளியிடம் நீட்டினான். லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தில் ஏதோ உரசுகிறது, உடனே நிறுத்துங்கள் என்று தனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில் அதட்டினான். காவலாளி வெளிறிப்போய் எல்லோரையும் இறக்கிவிட்டு, லிஃப்டைப் பூட்டி, பலகையும் மாட்டிவிட்டான்.

“பார்த்தியாடா குட்டி? நான் சொன்னா இவ்ளோ பெரிய லிஃப்டே நிக்கும்.”

குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அத்தான் ஊரைப் பார்க்கக் கண்ணாடி அருகே நடந்தார்.

கீச். கீச். கீச்.

எல்லோரும் அவர் ஷூவைப் பார்த்தார்கள். காவலாளியும் பார்த்தான்.

“புதுசு,” என்றார் அத்தான் வெட்கத்தோடு, “அப்பப்ப கத்தும்.”

மெக்கானிக் காவலாளியிடம் ஓடினான். அவன் கையை விரித்தான். ஒருமுறை நிறுத்திவிட்டால், பராமரிப்பு ஆட்கள் வந்து சோதிக்காமல் திறக்கக் கூடாது; அவர்கள் வரச் சாயந்தரம் ஆகும். அந்த விதியை இவனைவிட நன்றாக அறிந்தவர் அந்த மண்டபத்தில் யாரும் இல்லை.

மேலே இருந்த அத்தனை பேரும் படியில் இறங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் பல பாஷைகளில் முணுமுணுத்தார்கள். பாஷைதான் தெரியவில்லை, அர்த்தம் தெளிவாகத் தெரிந்தது.

“உன்னை யாருடா லீவு நாள்ல வேலை பார்க்கச் சொன்னது?” என்றாள் அக்கா மூச்சு வாங்க.

“பாதுகாப்பு முக்கியம்க்கா.”

“மாப்பிள்ளை,” என்றார் அத்தான், “என் காலுக்குப் பாதுகாப்பு இல்லையே.” கீச்.

பாதி வழியில் குட்டியின் கால் துவண்டது. இதுதான் சமயம் என்று மெக்கானிக் அவன் முன்னால் குனிந்தான். “வா ராஜா, தோள்ல ஏறிக்கோ.”

“வேணாம்.”

“கால் வலிக்குதுல்ல?”

“வலிக்குது. வேணாம்.”

குதிகால் கொப்பளித்த அத்தான்தான் அவனைத் தூக்கினார். தோளில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். அதற்கும் மாட்டேன் என்று அடம்பிடித்து, கையிலேயே தொங்கிக்கொண்டு வந்தான். இறங்கும் வழியெல்லாம் அவர் முதுகுப் பக்கம் போனைப் பிடித்து மறுபடியும் குசுகுசு.

கீழே சதுக்கத்தில் ஒரு பெண் குழந்தைகளின் முகத்தில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மருமகள் பட்டாம்பூச்சி ஆனாள்.

“உனக்கு என்னடா?” என்று அக்கா கேட்டாள்.

“எனக்கு வேணாம். புலி பிடிக்கும். ஆனா வேணாம்.”

புலி பிடிக்கும். இரண்டு சொல் போதும் மெக்கானிக்குக்கு. அக்கா தடுக்கும் முன் ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டான். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது பழைய கதை. இங்கே பேக்கரிக்காரனைப் பார்த்து மெக்கானிக் புலிக்கோடு போட்டுக்கொண்டான். ஆரஞ்சு நெற்றி, கறுப்புக் கோடு, வெள்ளைத் தாடை. எழுந்து வந்து, இரண்டு கையையும் தூக்கி, செல்லமாக உறுமினான்.

குட்டி போட்ட அலறலில் புறாக்கள் எல்லாம் பறந்தன. ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். குட்டி அவர் யூனிஃபார்மைப் பார்த்தான். அழுகையை நிறுத்தினான்.

“என் பேரு குட்டி. வயசு நாலு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல...”

அவரைச் சமாதானம் செய்து அனுப்புவதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “இனி நீ ஒண்ணும் பண்ணாத,” என்றாள். “கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா வா. அது போதும்.”

மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு வந்தான். பஸ்ஸில் ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்தான். ஸ்வெட்டர் புலியாயிற்று, முகம் எதுவாகவும் ஆகவில்லை. இன்னொரு குசுகுசு முடிந்ததும் குட்டி தூங்கிப்போனான், போனைக் கட்டிக்கொண்டே.

அம்மாவுக்கு என்ன சொல்வது? பிரேம் வாங்கி வைத்திருப்பாள். பேக்கரிக்காரனைத் தோளில் ஏற்றச் சொல்லிப் போட்டோ எடுத்து அனுப்பலாம், பொருத்தமாக இருக்கும். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சைக் கேட்டைத் திறந்து மூன்று மாடியும் ஓட்டமாக ஏறினான். அக்காவும் அத்தானும் பின்னால் வந்தார்கள், தூங்குகிற பையனோடும் கீச் கீச்சோடும்.

கதவைத் திறந்த பேக்கரிக்காரனின் கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

“ஏண்டா,” என்றான் மெக்கானிக், “ஒரே வீட்ல சாப்பிட்டுட்டு இப்படிப் பண்ணலாமா? எனக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு மருமகன். அவன் மனசைக் கெடுத்து, வெளிய போன இடத்துலகூட நிம்மதியா இருக்கவிடாம...”

“நானா? என்னைத் தூங்க விட்டீங்களாடா நீங்க?” பேக்கரிக்காரன் மெக்கானிக்கின் போனை அவன் கையில் திணித்தான். “காலையிலேர்ந்து டிங் டிங்னு இது உயிரை வாங்குது. சத்தத்தை நிறுத்தலாம்னு திறந்தா எல்லாம் உன் மருமகன் அனுப்பினது.”

“எனக்கா? உனக்கில்லையா?”

“எனக்கு எதுக்குடா அனுப்புறான்? இது கடைசியா வந்தது. மத்ததெல்லாமும் இதே பல்லவிதான். கேளு.”

திரையில் மெக்கானிக்கின் படம் இருந்தது. ஆரஞ்சு யூனிஃபார்ம், மஞ்சள் ஹெல்மெட், நெஞ்சு வரை தாடி. பேக்கரிக்காரன் விரலை வைத்தான். குசுகுசுவென்று குரல் வந்தது.

“மாமா, என் பேரு குட்டி. வயசு நாலு. இப்ப பஸ்ல இருக்கேன். அந்த ஆளு இன்னும் போகல மாமா. நான்தான் உன் மாமான்னு பொய் சொல்றாரு. அம்மாவும் அப்பாவும் நம்பிட்டாங்க. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. லிஃப்ட்ல அவர் மூக்கை அமுக்கிப் பார்த்தேன், போன்ல உங்க மூக்கை அமுக்கினா நீங்க டிங்னு கத்திக்கிட்டு மேல போவீங்கள்ல, அவரு போகவே இல்ல. உங்க ரூம் அங்கிள்தான் நல்லவரு, அவர் ஸ்வெட்டரைக்கூட இந்த ஆளு திருடிட்டாரு. என்னைத் தோள்ல ஏறு, ஏறுன்னு கூப்பிடுறாரு. நான் ஏறல. அப்பா தோள்லகூட ஏறல. உங்க தோள்லதான் ஏறுவேன். நாளைக்கு நாங்க ஊருக்குப் போயிடுவோம். சீக்கிரம் வாங்க மாமா.”