ஹால் நடுவே ஓர் அறை

“கதவு எங்க சார் வைக்கிறது?” என்று மேஸ்திரி கேட்டார்.

மேற்பார்வையாளர் ப்ளான் நகலைச் செங்கல் அடுக்கின் மேல் விரித்து மறுபடியும் பார்த்தார். ஹாலின் நட்டநடுவில் ஒரு கட்டம். சமையலறைக்குள் ‘சமையலறை’ என்று எழுதியிருந்தது போல இதற்குள் ‘ரகசியம்’ என்று எழுதியிருந்தது. கதவு இல்லை, ஜன்னல் இல்லை, அளவும் போடவில்லை. போதாததற்கு மற்ற சுவர்களோடு ஒட்டாமல் கொஞ்சம் சாய்ந்து வேறு கிடந்தது.

“கோணலா இருக்கே சார். நேராக்கிடவா?”

“ப்ளான்ல இருக்கிறபடிதான்.”

மேற்பார்வையாளர் இப்படிப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. வீட்டுக்காரர் முன்பு கட்டிய வீட்டை அவருடைய சகலை மாடிப்படி வளைவு உட்பட அப்படியே காப்பியடித்து, இவருக்கு முன்பே குடியும் போய்விட்டார். இந்த முறை செங்கல்லைத் தொடுகிற ஒவ்வொருவரும் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இங்கே பார்த்ததைப் பற்றி வெளியே வாயைத் திறக்கக் கூடாது. முதல் கையெழுத்து மேற்பார்வையாளருடையது. இந்த வீட்டைச் சிக்கலில்லாமல் ஒப்படைத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மனைவியின் அண்ணன் நடத்தும் பெயிண்ட் கடை. மச்சான் அங்கே ஒரு ஸ்டூலைத் துடைத்து வைத்திருந்தார். அதை வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லியும் காட்டினார்.

தன் முதலாளியான ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டார்.

“தம்பி, கையெழுத்துப் போட்டீங்கல்ல?”

“போட்டேன் சார்.”

“அப்புறம் என்ன கேள்வி? எல்லாரும் கேட்டுத் தெரிஞ்சுக்கிறதுக்கா அதுக்கு ரகசியம்னு பேரு வச்சிருக்காங்க?”

முதலாளிக்கும் தெரியவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. வரைபட அலுவலகத்தில் ப்ளான் வரையும் பெண்ணைக் கேட்டார். அவள், ப்ளானைப் பற்றிப் போனில் பேசுவதில்லை என்று தானும் கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொல்லி, மன்னிப்பும் கேட்டு வைத்துவிட்டாள்.

கதவில்லாமலே சுவர் எழும்பியது. நான்காவது சுவர் முடிந்தபோது மேஸ்திரியைக் காணவில்லை. உள்ளே பூச்சு வேலையில் மெய்மறந்திருந்தவர், திரும்பிப் பார்த்தபோது வழி இல்லை. மேல்வரிசையில் சில கற்களைக் கழற்றி, தலையைப் பிடித்து இழுத்தார்கள். வயிறு மாட்டிக்கொண்டது. மூச்சை அடக்கச் சொல்லி ஒருவழியாக உருவி எடுத்து, ஓட்டையை அடைத்து, அதன் மேலும் பூசி முடித்தபோதுதான் மேஸ்திரி சட்டைப் பையைத் தடவினார். செல்போன் உள்ளே.

உடைக்கலாமா என்றார். மேற்பார்வையாளர் கூடாது என்றார். வெளிச்சுவர் அவ்வளவு வழவழப்பாக வந்திருந்தது.

மறுநாள் தரைக்கல் பதிக்க வந்தவர்கள், கதவில்லாத அறைக்குள் மணி அடிப்பதைக் கேட்டார்கள். வேலையை நிறுத்திவிட்டுச் சுவரில் காதை வைத்தார்கள். மேஸ்திரியின் போன் என்று சொன்னால், மேஸ்திரி உள்ளே என்ன செய்தார் என்று அடுத்த கேள்வி வரும். எனவே மேற்பார்வையாளர் அவர்களிடமும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்.

அதுதான் வினையாகிப் போனது. மணிச் சத்தத்தைச் சும்மா விட்டிருந்தால் மறந்திருப்பார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அவர்களால் தூங்க முடியவில்லை. உள்ளே தங்கம் என்றான் ஒருவன். வீட்டுக்காரர் கோபம் வந்தால் ஒளிந்துகொள்ளும் இடம் என்றான் இன்னொருவன். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். பார்வையை மறைக்க மேற்பார்வையாளர் ஹால் முழுக்கத் தார்ப்பாய் கட்டினார். அதன் பிறகு பக்கத்துத் தெருவிலிருந்தும் ஆள் வந்தது.

கடைசியில் விஷயம் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

“ஏங்க, அந்த ரூமுக்குள்ள யாரு இருக்கா?” என்று மனைவி கேட்டாள்.

“யாரு சொன்னா?”

“அண்ணன்தான். கடைக்கு பெயிண்ட் வாங்க வந்தவங்க பேசிக்கிட்டாங்களாம்.”

“என்னால சொல்ல முடியாது.”

“எங்கிட்டகூடவா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால், கட்டியவனுக்கே தெரியாது என்றால் மச்சான் ஸ்டூலுக்கு மெத்தை போட்டுவிடுவார். எனவே முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொண்டு படுத்தார். கண்ணை மூடினால் அந்த அறைதான் வந்தது. உள்ளே என்னதான் வைக்கப் போகிறார்கள்? எப்படி வைப்பார்கள்? தானே கட்டிய சுவரை ஓட்டை போட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஒப்படைக்கும் நாள் வந்தது. வெளியூரிலேயே இருந்துவிட்ட வீட்டுக்காரர் அன்றுதான் வீட்டை முதன்முதலாகப் பார்க்க வந்தார். கூடவே ஒப்பந்தக்காரரும் ப்ளான் வரைந்த பெண்ணும் வந்தார்கள். ஊருக்கே தெரிந்துவிட்டதே என்று வீட்டுக்காரர் கத்தப் போகிறார் என்று மேற்பார்வையாளர் பயந்தார். தார்ப்பாயை விலக்கினார்.

வீட்டுக்காரர் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு சுற்று வந்தார். பூச்சு நேர்த்தியைத்தான் பார்க்கிறார் என்று மேற்பார்வையாளர் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

“தம்பி, இதுக்குள்ள என்ன இருக்கு?”

சோதித்துப் பார்க்கிறார் என்பது மேற்பார்வையாளருக்குப் பளிச்சென்று புரிந்தது.

“மன்னிக்கணும் சார். யாரு கேட்டாலும் சொல்லக் கூடாது. நீங்களே கேட்டாலும் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

ஒப்பந்தக்காரர் பெருமையாகத் தலையாட்டினார். இப்படிப்பட்ட ஆளை நிரந்தரமாக்காமல் விடுவேனா என்பது போல வீட்டுக்காரரைப் பார்த்தார்.

ப்ளான் வரைந்த பெண் மட்டும் அசல் ப்ளானை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சார், எல்லாப் ப்ளான்லயும் ‘ரகசியம்’னு பெருசா கட்டம் போட்ட சீல் குத்தச் சொன்னீங்க. ஹால்லதான் இடம் காலியா இருந்துச்சு.”