சீல் போட்ட கல்யாண கேசட்

இலவசமாகக் கிடைக்கும் அறிவைப்போல் செலவு வைப்பது வேறெதுவும் இல்லை. எனக்கு அது ஃபோனில் வந்தது. பழைய வீடியோ கேசட்டுகளை வெளிநாட்டில் லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள் என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கோட் போட்டிருந்தார். (அதனால் நம்பிவிட்டேன்.)

நான் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பேக்கிங் சூப்பர்வைசர். நான் லட்சாதிபதியாகத் தேவையான முதல், வடக்குப்பட்டு மாமியார் வீட்டு பீரோவில் இருந்தது. அவருடைய கல்யாண கேசட்.

"அத்தை, இத பென்டிரைவ்ல போட்டு எடுத்தாரேன். டிவியிலயே பாக்கலாம்."

"மாமா போனப்புறம் அவரு நடக்கிறதயே பாக்கல மாப்ள. நீங்க நல்லா இருக்கணும்" என்று பட்டுப்புடவை மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். என் மனசாட்சிக்கு அன்று வாராந்திர விடுமுறை. வாங்குகிறவனிடமே ஒரு காப்பி கேட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பழைய கேசட் சேர்ப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். "சீல் பிரிக்காததுன்னா எடுத்தாங்க, பாக்கலாம்" என்றார்.

சீல்தானே? அது என் தொழில் ஆயிற்றே! இரும்புச் சாமான்களுக்கு பிளாஸ்டிக் உறை சுற்றிச் சூடேற்றும் மெஷினுக்குள் கேசட்டை அனுப்பினேன். மறுபக்கம் அது எண்ணெயில் விழுந்த அப்பளமாக நெளிந்து வந்தது. பழமைக்கு ஒரு களை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சுங்குவார்சத்திரம் டீக்கடையில் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே பேனாவில் 'சூசை வெட்ஸ் ரோஸ்மேரி' என்று எழுதியிருந்தது.

"இன்னா சார் இது? கம்பெனியிலயே கல்யாணம் பண்ணி, பேக் பண்ணி அனுப்புனாங்களா?"

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"சினிமா கேசட்டுக்குத்தான் சார் மவுசு. உங்க மாமனார் கல்யாணத்த உங்க மாமியார தவிர எவன் சார் வாங்குவான்?"

அதற்குள் மாமியார், மாமாவின் நினைவு நாளன்று டிவியில் கல்யாணம் என்று கோயிலில் பார்த்தவர்களையெல்லாம் அழைத்திருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டிவி மெக்கானிக்கைக் கெஞ்சி, ரீலைப் பிரித்து வேறு கூட்டில் சுற்றி, பென்டிரைவில் ஏற்ற வைத்தேன். தாலி உருகிப் போயிருந்தது. பந்தி மட்டும் பிழைத்தது.

வீடு நிறைய ஜனம். பாட்டு, பூ, மாலை எதுவும் இல்லாமல் நேராகச் சாப்பாடு ஓடியது.

"கல்யாணம் எங்க மாப்ள?"

நான் வாய் திறக்குமுன் என் மனைவி ஜெனிஃபர் திறந்தாள். "விக்கப் போனாரும்மா. மெஷின்ல வுட்டு உருக்கிட்டாரு."

டிவியில் இளம் மாமனார், பக்கத்திலிருந்த மணப்பெண்ணை மறந்து, ஒரு நல்லி எலும்போடு போராடிக்கொண்டிருந்தார். மாமியார் வெகுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குலுங்கிச் சிரித்தார்.

"பாரேன், அன்னிக்கும் இந்த மனுஷன் என்னப் பாக்கல!"

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். போன மாதம் மச்சினி குழந்தையோடு வந்தாள். ஆசையாகக் கையில் வாங்கினேன். அடுப்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது:

"ரொம்ப நேரம் குடுக்காதடீ. கவர் சுத்தி அனுப்பிடுவாரு."

மச்சினி குழந்தையைத் திரும்ப வாங்கியபோது, முன்னும் பின்னும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.