வரிசை எண் நாற்பத்தேழு: வடிகட்டிகள்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதும் மடல். இங்கே நானும் உன் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று இந்த இடத்தில் கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். பதில் எனக்கே தெரியும் என்பதால் அதை வளர்க்கவில்லை.

உன் கடிதம் போன மாதம் வந்தது. எங்கள் நாடாளுமன்றத்தில் உங்கள் அரசாங்கத்தின் மேல் பொருளாதாரத் தடை போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதாகவும், மாப்பிள்ளையின் டயாலிசிஸுக்கு வேண்டிய ஃபில்டர் இங்கிருந்துதான் வருகிறது என்றும், வாரம் மூன்று தடவை என்ற கணக்கில் இருபது வாரத்துக்குத்தான் கையிருப்பு இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், "நீதான் அங்கேயே இருக்கிறாயே அண்ணா, சட்டம் போடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வை" என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும் எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது, என்ன புத்தியோ. இருபத்திரண்டு வருஷமாக நம் குடும்பம் முழுக்க என்னைச் சட்டம் போடுகிற ஆள் என்று நம்பிக்கொண்டிருக்கிறது, நானும் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். சட்டத்தின் வாலில் ஒரு பட்டியல் தொங்கும் இல்லையா, இன்னின்ன பொருள், இன்னின்ன ஆள் என்று, அதை டைப் அடிக்கிறவன் நான். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை. அதன் காலில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு ஸ்டேப்ளர். அதுதான் என் அதிகாரம்.

வெளிநாட்டு அரசுக்குத் தடை போடும் சட்டத்தை எப்படி உட்கார்ந்து எழுதுவார்கள் என்று நீ நினைத்திருப்பாய். யாரும் எழுதவில்லை. எங்கள் பிரிவு அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாட்டுக்குப் போட்டோமே, அந்தப் பழசை எடு, நாட்டோட பேரை மட்டும் மாத்து" என்றார். மாற்றினேன். மாற்றும்போது பார்த்தால் ஆறாவது பிரிவில், அந்நாட்டுக் கப்பல்கள் எதுவும் நம் துறைமுகத்தில் நிற்கக் கூடாது என்று இருக்கிறது. அந்தப் பழைய நாட்டுக்குக் கடல் உண்டு. உங்கள் நாட்டைச் சுற்றி நாலு பக்கமும் தரை. ஓடிப்போய்ச் சொன்னேன். அதிகாரி பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கடல் இல்லைன்னா கப்பல் வராது. கப்பல் வரலைன்னா சட்டம் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். போய்யா." பிறகு அவையில் ஒரு உறுப்பினர் உங்கள் கடற்படையை முடக்குவது பற்றி இருபது நிமிஷம் பேசினார், மேஜையெல்லாம் தட்டினார்கள், நானும் குறிப்பெடுத்தேன்.

அதற்கு முன்னால் குழுக் கூட்டம். ஏழு பேர், ஒரே ஒரு ஃபேன், அதுவும் தலைவர் பக்கம் திரும்பி நிற்கும். தடை எத்தனை வருஷம் என்று பேச்சு வந்தது. ஆளுங்கட்சிக்காரர் மூன்று என்றார். எதிர்க்கட்சிக்காரர், "என்னங்க, தட்டிக் கொடுத்து அனுப்புறீங்களா? அஞ்சு!" என்றார். மூலையில் ஒருவர், அவர் கட்சிக்கு அவையில் அவர் ஒருத்தர்தான், அதுவரை பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தவர், "பத்து" என்றார். அவ்வளவுதான். அவரை விட இளகின மனசுக்காரர் என்று பெயர் வாங்க யாருக்குத் துணிச்சல்? பத்து என்று டைப் அடித்தேன். அடுத்து சொத்து முடக்க வேண்டிய பதினாலு பேரின் பட்டியல். அதில் இரண்டு பேர் எப்போதோ செத்துப்போய்விட்டார்கள். பணிவாகச் சொன்னேன். தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "செத்தவனை எடுத்தா நாம இரக்கம் காட்டுறோம்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். இருந்துட்டுப் போகட்டும்" என்றார். இத்தனைக்கும் ஆள்களைப் பிடித்து உள்ளே போடுகிற உங்கள் அதிபர் பெயர் அந்தப் பதினாலில் இல்லை. நாளைக்கு அவரோடு பேச வேண்டி வருமாம். அதற்கு ஒரு கதவு வேண்டுமாம். செத்தவனுக்குப் பூட்டு, அவருக்குக் கதவு.

பொருள் பட்டியல் இதைவிடக் கூத்து. ஒருவர் தொகுதியில் மெத்தைத் தொழிற்சாலை இருக்கிறது, அதனால் உங்கள் மெத்தை உள்ளே வரக் கூடாது. இன்னொருவரின் மைத்துனர் பித்தான் செய்கிறார், அதனால் உங்கள் பித்தானும் ஆபத்தான பொருள். இப்படி வளர்ந்து வளர்ந்து, இங்கிருந்து அங்கே போகக் கூடாதவற்றில் வரிசை எண் நாற்பத்தேழு: வடிகட்டிகள். இது பழைய சட்டத்திலேயே இருந்தது, ரசாயன ஆலைகளில் போடுகிற பெரிய வடிகட்டிகளை நினைத்து எழுதியது. பார்த்ததும் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஆனால் பதினோராம் பிரிவில், மனித மருத்துவத்துக்கான பொருள்களுக்கு இந்தத் தடை இல்லை என்று தெளிவாக ஒரு வரி இருந்தது. அதுவும் பழசிலிருந்து வந்ததுதான், எந்த நல்ல மனுஷன் எழுதினானோ. உன் ஃபில்டர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக எல்லையைத் தாண்டி வந்திருக்கும்.

நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டு போய்த் தேநீர் குடித்திருக்க வேண்டும். குடிச்சேனா? இல்லை. எனக்குத்தான் இருபத்திரண்டு வருஷச் சந்தேக நோய் இருக்கே. சுங்கச் சாவடியில நிக்கிறவன் பட்டியலை மட்டும்தானே பார்ப்பான், பதினோராம் பிரிவை யார் புரட்டுவா, நாற்பத்தேழிலேயே "மருத்துவ வகை நீங்கலாக" என்று மூன்று வார்த்தை சேர்த்துவிட்டால் என் தங்கச்சிக்குக் கவலையே இல்லையே என்று தோன்றியது. என்னைப் போன்ற ஊழியன் அவையில் வாய் திறக்கக் கூடாது. சீட்டு எழுதி உறுப்பினருக்கு அனுப்பலாம், அதற்குத் தடையில்லை. எங்கள் பகுதி உறுப்பினர் ஒருவர் உண்டு, மைக் இல்லாமலே கட்டிடம் அதிரப் பேசுவார், நாங்கள் கணீர் என்று பெயர் வைத்திருக்கிறோம். லிஃப்டில் இரண்டு தடவை என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பை நம்பி, "எண் 47இல் மருத்துவ வகை நீங்கலாக என்று சேர்த்தால் டயாலிசிஸ் நோயாளிகள் பிழைப்பார்கள்" என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

கணீர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். எழுந்தார். "சபாநாயகர் அவர்களே!" தங்கச்சி, சத்தியமா சொல்றேன், அந்த நொடியில எனக்குக் கண் கலங்கிடுச்சு. உனக்கு எப்படிக் கடிதம் எழுதுவதென்று மனசுக்குள்ளே முதல் வரியைக்கூடப் போட்டுவிட்டேன். அவர் சொன்னார்: "இந்த மசோதாவுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. டயாலிசிஸ்னு பேரைச் சொல்லி ஆலைக்கு வேண்டிய வடிகட்டியை உள்ளே தள்ளிடுவாங்க. விழிப்பான ஊழியர் ஒருத்தர் எனக்குச் சுட்டிக்காட்டினார். இதை இப்பவே அடைக்கணும்!"

மேஜைகள் அதிர்ந்தன. எதிர்க்கட்சி வரிசையிலிருந்து, இதை நாங்கள்தான் முதலில் யோசித்தோம் என்று சண்டை. பதினோரு நிமிஷத்தில் திருத்தம் வந்துவிட்டது. நாற்பத்தேழு: வடிகட்டிகள், மருத்துவ வகை உட்பட. பதினோராம் பிரிவின் விலக்கு இனி தானாகக் கிடைக்காது, அனுமதிக் குழுவிடம் விண்ணப்பித்து வாங்க வேண்டும். அனுமதிக் குழுவை ஆறு மாதத்துக்குள் அமைத்தால் போதும். ஆறு மாதம் என்றால் இருபத்தாறு வாரம். நீ எழுதும்போது உன்னிடம் இருந்தது இருபது, அதிலும் ஒரு மாதம் ஓடிவிட்டது. ஆம் என்போர் என்று சபாநாயகர் கேட்டார், கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆம். இல்லை என்போர் என்றார், ஒருவர் இருமினார். மணி பன்னிரண்டு ஐம்பது, ஒரு மணிக்குச் சாப்பாடு. பேசிய எல்லாருமே இது உங்கள் நாட்டு மக்களுக்குத் தோள் கொடுக்கிற சட்டம் என்றார்கள். அந்த மக்களில் நீயும் மாப்பிள்ளையும் உண்டு என்று நினைக்கிறேன்.

நடைபாதையில் கணீர் என் தோளைத் தட்டினார். "நல்ல பாயிண்ட் குடுத்தீங்க."

"ஐயா, நான் கேட்டது விலக்குங்க. தடை இல்லைங்க."

"தெரியும்யா, எனக்குப் படிக்கத் தெரியாதா? விலக்குன்னு கேட்டா, நீ யார் பக்கம்னு ஆளாளுக்குக் கேப்பான். தடைன்னு கேட்டா எவன் கேப்பான்?"

"என் தங்கச்சி வீட்டுக்காரருக்குங்க அந்த ஃபில்டர்."

அவர் நின்றார். "அடப் பாவமே" என்றார், மனசாரத்தான் சொன்னார். "பர்மிட் வாங்கிக்கலாம், விடுங்க." லிஃப்ட் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அந்தத் திருத்தத்தை டைப் அடித்ததும் இந்தக் கைதான். ஒரு பிழை இல்லை. பிரிவு அதிகாரி பாராட்டினார். வீட்டில் உன் அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களை யாரு சீட்டு எழுதச் சொன்னது?" என்றாள். உங்கள் அதிபர் டிவியில் எங்களைத் திட்டினார், முகத்தில் அப்படியொரு நிம்மதி. அங்கே எது இல்லாவிட்டாலும் இனிமேல் நாங்கள்தான் காரணம் என்று கை காட்டலாமே. ஆக இந்தச் சட்டத்தால் அவருக்கு நல்லது, கணீருக்கு நல்லது, மெத்தைக்காரருக்கு நல்லது. உன் வீட்டுக்குத்தான் கேடு. அதைச் செய்தது அவர்கள் இல்லை, உன் அண்ணன். அவர்களாக இருந்தால் மாப்பிள்ளை என்று ஒருத்தர் இருப்பதே தெரியாமல் விட்டிருப்பார்கள்.

ஃபில்டரைக் கழுவி இரண்டாம் தடவை போடுகிற ஆஸ்பத்திரிகள் உண்டாம். டாக்டரிடம் கேட்டுப் பார். மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வாயோ தெரியவில்லை. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் இருவரும் நெடுங்காலம் சேர்ந்து வாழ வேண்டும் என்று ஒவ்வொரு கடிதத்தையும் முடிப்பேன். இந்தத் தடவை பேனா கூசுகிறது. கூசினாலும் எழுதுகிறேன், நெடுங்காலம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் ஆணை வந்தது. அனுமதிக் குழுவுக்கு உறுப்பினர்களை இன்னும் போடவில்லை, குமாஸ்தாவை மட்டும் போட்டுவிட்டார்கள். கணீர் சிபாரிசில் நான்தான் அது. விண்ணப்பங்களை வரிசைப்படுத்தி மேலே அனுப்புவது என் வேலை, உன்னுடையதை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஆனால் விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாம் கட்டத்தில், நாடாளுமன்ற அலுவலகத்தில் வேலை பார்க்கும் உறவினர் உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்றால் படிக்காமலே தள்ளுபடி. ஆகவே இல்லை என்று எழுது. பத்தாம் கட்டத்தில் உடன்பிறந்தவர்கள் என்று இருக்கும், அங்கே யாருமில்லை என்று எழுது. மற்றக் கட்டங்களில் எழுதுகிற மாதிரியே எழுது, எழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு, என்னுடைய பழைய கடிதங்களையும் சேர்த்து. இனி எனக்குக் கடிதம் போடாதே. விண்ணப்பம் மட்டும் போடு.