அரை மணித்தியாலம் முந்திப் படுத்த கொம்பியூட்டர்

கோபத்தில் மெசினுக்குக் கட்டளை போடக்கூடாது. மனிசனுக்குப் போட்டால் மறந்துவிடுவான், இல்லாவிட்டால் எதிர்த்துக் கதைப்பான். மெசின் சொன்னதைச் செய்துவிடும். இந்த ஞானம் எனக்கு வந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லு நறநறக்கிறது. (என் பல்லு வருசத்தில் முந்நூறு நாள் நறநறத்தபடிதான் என்பது வேறு விசயம்.)

சுனாமிக்குப் பிறகு கல்லடியில் முளைத்த உதவிக் கந்தோர்களில் ஒன்றில் எனக்கு வேலை. கந்தோருக்கு ஒரே ஒரு கொம்பியூட்டர். பூட்டும் திறப்பும் என் கையில். ஐந்து மணிக்குப் பூட்டினால்தான் செங்கலடி பஸ்ஸைப் பிடிக்கலாம். ஆனால் வெளிவேலை பார்க்கும் ஜெயசீலன் நாலரைக்கு வந்து, கொம்பியூட்டருக்கு முன்னால் குந்திச் சீட்டு விளையாடத் தொடங்குவான். "இந்தா முடியிது மிஸ், இந்த ஒரு ஆட்டம்." அந்த ஒரு ஆட்டத்தில் எத்தனை பஸ் போயிருக்கும்!

ஒருநாள் பொறுக்க ஏலாமல், மூன்று மாத வகுப்பில் படித்த வித்தையை இறக்கினேன். தினமும் ஐந்து மணிக்குக் கொம்பியூட்டர் தானாக நிற்கும்படி நேரம் குறித்தேன். நிற்க முன் எச்சரிக்கை வரும். வந்தால் இவன் ஏதாவது திருகுதாளம் செய்வான் என்று அதையும் எடுத்துவிட்டேன். திறந்து கிடப்பதையெல்லாம் கேட்காமலே மூடு என்றும் போட்டேன். அடுத்த நாள், அவன் வெல்லப்போன ஆட்டம் கண் முன்னாலேயே கறுத்துப்போனது. எனக்கு அன்றைக்கு இருந்த மிதப்பு!

அதுக்கு மறுகா சித்திரை வந்தது. வருசப்பிறப்போடு அரசாங்கம் நாட்டு நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளி, பத்து வருசத்துக்கு முந்தின பழைய நேரத்துக்கே கொண்டுவந்தது. (வாவிக்கு அங்கால, இயக்கத்தின் கையில் இருந்த படுவான்கரையில் பழைய நேரத்தை விடவேயில்லை. ஜெயசீலன் அங்கத்த ஆள். "இப்பதான் நீங்க எங்கட நேரத்துக்கு வந்திரிக்கீங்க" என்று நக்கல் வேறு.) லீவு முடிந்த முதல் நாள் நானே கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டைத் திருப்பினேன். என் கைக்கடிகாரத்தைத் திருப்பினேன். கந்தோர்ப் பொறுப்பாளர் சேரின் மேசை மணிக்கூட்டையும் திருப்பினேன். கொம்பியூட்டருக்குள்ளும் ஒரு மணிக்கூடு ஓடுகிறது என்பது மட்டும் இந்த மரமண்டைக்கு ஓடவில்லை.

அன்றைக்குத்தான் கல்வீட்டு லிஸ்ற்றின் கடைசி நாள். லிஸ்ற்றை வாங்கக் கொழும்பு வான் வந்து நின்றது. ஐந்து மணிக்கு வெளிக்கிடும். அதில் பேர் இல்லாதவர்கள் தகரக் கொட்டிலிலேயே கிடக்க வேண்டியதுதான். அடுத்த லிஸ்ற் வருமா என்று கடவுளுக்கும் தெரியாது. விடுபட்ட இருபத்துமூன்று குடும்பங்கள் மத்தியானத்துக்குப் பிறகு நேரே வந்தன. அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கொம்பியூட்டரிலேயே அடித்தேன். பேப்பரில் எழுதவில்லை. (பேப்பர் வீணாம், சேரின் உத்தரவு.) இடையில் சேவ் பண்ணவும் இல்லை. அதற்கு யாரும் உத்தரவு போடவில்லை, என் கொழுப்பு.

இருபத்துமூன்றாவது ஆள் என் சின்னம்மா. அம்மாவின் தங்கச்சி, பேர் தங்கம்மா. வீட்டையும் சித்தப்பாவையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. அதன் பிறகு எந்த லிஸ்ற்றையும் அவ நம்புவதில்லை.

"என்ட பேரு இரிக்கா புள்ள? எனக்குக் காட்டு."

"இந்தா பாருங்க சின்னம்மா" என்று பெருமையோடு திரையைத் திருப்பினேன். அவ கண்ணாடியை மாட்டிக் குனிய, திரை கறுத்தது.

"எங்க புள்ள, இருட்டாக் கிடக்கு?"

கரண்ட் போகவில்லை; மேலே விசிறி சுற்றியது. சுவரில் நாலரை. பின்னால் ஜெயசீலன் கேட்டான்: "மிஸ், அதுக்குள்ள அஞ்சு மணியாப் போச்சோ?" அப்போதுதான் விளங்கியது: நான் திருப்பாத மணிக்கூட்டில் ஐந்து. அவனைக் கடித்துத் துப்பலாம்போல இருந்தது. அவன் என்ன செய்வான், பாவம்! போட்ட கட்டளை என்னுடையது.

திரும்பத் திறந்தால் மத்தியானம் வரைக்கும் சேவ் பண்ணினது மட்டும் கிடந்தது. சேர் கத்தினார். நான் அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன். வானில் வந்தவர், "பேரும் கொட்டில் நம்பரும் இருந்தாக் காணும், கையால எழுதித் தாங்க" என்றார். இருபத்துமூன்று பேரை எங்கே தேடுவது?

"எழுது புள்ள, நான் சொல்றன்" என்றா சின்னம்மா. ஒவ்வொரு நாளும் அவர்களோடு தண்ணிக் குழாயடியில் வரிசையில் நிற்கிற ஆள். கண்ணை மூடிக்கொண்டு கொட்டில் கொட்டிலாகச் சொன்னா. நான் பேனை கிழிய எழுதினேன். எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு. "ஒராள் குறையுது, யோசிங்க!" என்று அவவிலும் பாய்ந்தேன். "எல்லாரையும் சொல்லிட்டன்" என்று அடித்துச் சொன்னா. வான் ஹோர்ன் அடித்தது. சேர் கடுதாசியைப் பறித்துக்கொண்டு போய்க் கொடுத்தார். வான் போய்விட்டது.

சின்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆற அமரக் கேட்டா: "என்ட பேரத்தான முதல்ல எழுதின?"

அட பாவி! பக்கத்தில் நிற்கிற ஆளை எழுத வேண்டும் என்ற அறிவு எனக்கு வேண்டாமா? தெருவில் இறங்கினேன். ஓட ஏலாது. பாலத்தடியில் ஆமியின் செக்போயின்ற், அந்தச் சண்டைக் காலத்தில் அதை நோக்கி ஓடினால் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். ஓடாமல், ஆனால் ஓட்டத்தைவிட வேகமாக, என்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு நடந்தேன். பழைய கல்லடிப் பாலம் ஒடுக்கம். எதிரே வாகனம் வந்தால் இந்தப் பக்கம் காத்து நிற்க வேண்டும். தினமும் நான் சபிக்கிற அந்தப் பாலம்தான் அன்றைக்கு வானைப் பிடித்து வைத்திருந்தது. அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்த ஆமிக்காரன் ஒன்றும் கேட்காமல் விட்டான். வானில் வந்தவரிடம் கடுதாசியை வாங்கி, வானின் முகப்பில் வைத்து, மேல் ஓரத்தில் பெரிதாகத் "தங்கம்மா" என்று எழுதி, பக்கத்தில் கொட்டில் நம்பரையும் போட்டேன். கண்ணீர் வந்தது, அதிலும் கோபம்தான் வந்தது.

செங்கலடி பஸ் போய்விட்டது என்று சொல்லவும் வேண்டுமா!

பிறகு சண்டை முடிந்தது, பக்கத்தில் அகலமான புதுப் பாலமும் வந்தது. சின்னம்மா கல்வீட்டில்தான் இருக்கிறா. எங்கள் குடும்பத்தில் இப்போது யார் எந்த லிஸ்ற் எழுதினாலும், கலியாணத்துக்கு அழைக்கிற லிஸ்ற்றோ கடைச் சாமான் லிஸ்ற்றோ, முதல் வரி "தங்கம்மா". அதற்குக் கீழேதான் சீனி, தேயிலை, வெங்காயம். கடைக்காரனுக்கும் பழகிவிட்டது.

எழுதி முடித்தாலும் அவ விடுவதில்லை. கண்ணாடியை மாட்டி, கடுதாசியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்பா:

"சேவ் பண்ணினியா புள்ள?"