நாலு மணிக்கு மூணு கோடு

வரைவாளரின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. நல்லவேளை, திரையில் மட்டும்தான். "என் அனுபவத்தில்" என்று தொடங்கியவர் அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் படம் உறைந்துபோனது. எதிர்முனையில் அலுவலக நண்பர் ஏதோ சொன்னார். அது வாய் நிறையப் பற்பசையோடு ஒருவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

மணி பத்து. நேர்காணல் நாலு மணிக்கு.

இது வெறும் ஒத்திகை. ஒத்திகையே இந்த லட்சணம் என்றால், மூன்று அதிகாரிகள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது என்ன ஆகும்? குடிநீர் அலுவலகத்தில் குழாய்ப் பாதைகளுக்கு வரைபடம் போடுகிறவர் அவர். ஏழு வருஷமாகத் தற்காலிகம். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாள், அவரை வேலையிலிருந்து நீக்கி மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த நாளாகப் பார்த்து எங்காவது ஒரு குழாய் வெடிக்கும். வாசல் பெஞ்சில் வேலையில்லாதவராக உட்கார்ந்தபடி, எந்த வால்வை மூட வேண்டும் என்று ஜன்னல் வழியாக உள்ளே சொல்லிக்கொண்டிருப்பார்.

இப்போது ஒரு நிரந்தர இடம் வந்திருந்தது. ஒன்றே ஒன்று. கடிதத்தின் கடைசி வரி அவருக்கு மனப்பாடம்: சரியாக நான்கு மணிக்கு இணைப்பில் இல்லாதவர் விருப்பமில்லாதவராகக் கருதப்படுவார்.

கடிதம் வந்தது போன வியாழக்கிழமை. கேரவனுக்குச் சொல்லிவைத்ததோ நாலு மாதத்துக்கு முன்பு. பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கும் மனைவிக்கு வருஷத்தில் கிடைக்கிற ஒரே நீண்ட விடுப்பு இது. பயணத்தை விட்டுவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். நெட் இல்லாத இடம் இந்தக் காலத்தில் ஏது என்று பெருந்தன்மையாக மறுத்தவர் இவர்.

வண்டியை ஓட்ட மாமனார் வந்திருந்தார். முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அடுப்பும் படுக்கையும் வைத்த இந்த வண்டியையும் அவர் பேருந்தாகத்தான் நினைத்தார். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்காமல் கியர் போடமாட்டார்.

மலைகளுக்கு நடுவே ஓடையோரம் இருந்த முகாமுக்கு முந்தின நாள் மாலை வந்து சேர்ந்தார்கள். கைப்பேசியில் டவர் இல்லை. ஆனால் மடிக்கணினியைத் திறந்ததும் ஒரு வைஃபை தெரிந்தது. பெயர் எழுத்தும் எண்ணுமாகக் கலந்து ஏதோ இருந்தது, கடவுச்சொல் கேட்கவில்லை. இரண்டு கோடு. இரண்டு கோடு கடிதம் பார்க்கப் போதும், முகம் பார்க்கப் போதாது என்பது இந்த ஒத்திகையில்தான் விளங்கியது. நேர்காணலுக்குக் குறைந்தது மூன்று கோடாவது வேண்டும்.

"மாப்ளை, இப்பவே கிளம்பினா பதினொன்றரைக்கு டவுன்ல இருக்கலாம். ஒன்றரை மணி நேரப் பாதைதான்" என்றார் மாமனார்.

வரைவாளர் யோசித்தார். யோசிக்காமல் அவர் செருப்புக்கூட மாட்டமாட்டார். யோசித்து முடித்த பிறகும், யோசித்தது சரிதானா என்று ஒருமுறை யோசிப்பார். டவுனில் சந்தை இரைச்சலுக்கு நடுவே எங்கே உட்காருவது? இங்கே இருக்கிறதைச் சரிசெய்வதுதான் முறை. வைஃபை அலையும் தண்ணீரும் அவருக்கு ஒன்றுதான். அழுத்தம் குறைந்தால் காரணம் மூன்றுதான் இருக்க முடியும்: வழியில் அடைப்பு, தொட்டிக்கும் குழாய்க்கும் தூரம், அடுத்த வீட்டுக்காரர் திறந்துவிட்ட குழாய். நோட்டை எடுத்து மூன்றையும் வரிசையாக எழுதினார்.

முதலில் தொட்டி எங்கே என்று பார்க்க ஏணி போட்டு வண்டியின் கூரைமேல் ஏறினார். ஏறியதும் மூன்று கோடு. முகாம் வாசலில் இருந்த சின்ன அலுவலகத்தின் மேலே ஒல்லியாக ஒரு கம்பம் நின்றது. தொட்டி அதுதான். அதற்கும் இவர்கள் வண்டிக்கும் நடுவில், ஒரு கடையையே பெயர்த்து வைத்ததுபோல, உயரமான நீல நிறக் கேரவன் ஒன்று மறித்துக்கொண்டு நின்றது. அடைப்பு கிடைத்துவிட்டது.

அந்தக் கண்டுபிடிப்பின் மகிழ்ச்சியில் அவர் ஒரு எட்டு பின்னால் வைத்தார். அங்கே கூரை இல்லை. காற்றுக்காக வைத்திருந்த பிளாஸ்டிக் மூடிதான் இருந்தது.

கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, உங்க கால் இங்க இருக்கு."

காலை மேலே இழுக்க மாமனாரும் மனைவியும் அரைமணி நேரம் பாடுபட்டார்கள். முழங்காலில் மருந்து போட்டுக்கொண்டு, நொண்டியபடியே நீல வண்டிக்குப் போனார் வரைவாளர். அதில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மிகவும் தயங்கி, உங்கள் வண்டி அலையை மறைக்கிறது, கொஞ்சம் தள்ளி நிறுத்த முடியுமா என்று கேட்டார். வேறு யாராவது என்றால் சண்டைக்கு வந்திருப்பார்கள். பெரியவரோ, அதற்கென்ன, நகர்த்திவிட்டால் போச்சு என்று உடனே சாவியை எடுத்தார். பத்தடி கேட்டதற்கு, இந்தத் தம்பிக்கு இனித் தொந்தரவே இருக்கக்கூடாது என்று ஓடையின் மறுகோடிக்கே கொண்டுபோய் நிறுத்தினார்.

வரைவாளர் திரும்பி வந்து பார்த்தார். ஒரு கோடு.

"குறைஞ்சிருக்கே?" என்றாள் மனைவி.

"அடைப்பை எடுத்ததும் முதல்ல கலங்கலாத்தான் வரும். கொஞ்ச நேரம் ஓடவிடணும்."

ஒரு மணி நேரம் ஓடவிட்டார். கலங்கல் தெளியவில்லை. நோட்டில் அடைப்பு என்ற சொல்லை அடித்துவிட்டு, அடித்தது சரிதானா என்ற சந்தேகத்தில், தேவைப்பட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்ள அதற்குக் கீழே புள்ளிகள் வைத்தார். பிறகு தூரத்துக்கு வந்தார்.

அலுவலகத்தில் கேட்டுவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. முகாம் நடத்துகிற அம்மாள் கேஸ் சிலிண்டர் வாங்க டவுனுக்குப் போயிருப்பதாகவும் மூன்றே முக்காலுக்குத் திரும்புவதாகவும் கதவில் சீட்டு ஒட்டியிருந்தது. அதுவரை காத்திருக்க முடியாது. நம் வண்டியையே அலுவலகச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டால் என்ன என்றார். மாமனார் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து வண்டி ஓட்டாமல் அவருக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும் ஏறியாச்சா?"

எல்லாரும் ஏறியிருந்தார்கள். ஏறாதது, வண்டியின் பக்கவாட்டில் இழுத்துக் கட்டி, தரையில் முளையடித்திருந்த துணிப்பந்தல். அதன் கீழே மேசை. மேசைமேல் மூன்று தேநீர்க் கோப்பைகள். முகாமின் பொதுக் குழாயிலிருந்து வண்டிக்கு வந்த தண்ணீர்க் குழலும் ஏறவில்லை. வண்டி நகர்ந்ததும் எல்லாம் ஊர்வலமாகக் கொஞ்ச தூரம் கூடவே வந்தன. பிறகு பந்தல் இரண்டாகக் கிழிந்தது, குழாய் அடியோடு பிடுங்கிக்கொண்டது, தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சியது.

ஊர் முழுக்க எந்த வால்வு எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனிதர், அந்த ஒரு வால்வைத் தேடிப் புல்லுக்குள் பத்து நிமிஷம் தவழ்ந்தார். கடைசியில் அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்த மாமனார்தான், இதுவா பார் என்று காலைத் தூக்கினார்.

நேர்காணலுக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டை அவர் உடம்பில்தான் இருந்தது. அளவு சரியா என்று பார்க்கப் போட்டவர் கழற்ற மறந்திருந்தார்.

ஈரம் சொட்டச் சொட்ட மடிக்கணினியைப் பார்த்தார். அதே ஒரு கோடுதான். இப்போது அதுவும் விட்டு விட்டு எரிந்தது.

மணி இரண்டே கால். "இப்ப கிளம்பினாக்கூடப் பிடிச்சிடலாம் மாப்ளை. விட்டா முடியாது" என்றார் மாமனார், குரலைத் தாழ்த்தி.

மனைவி துண்டை நீட்டினாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். ஏழு வருஷமாக ஒவ்வொரு பதினோராம் மாதமும் அவள் இப்படித்தான், ஒன்றும் சொல்லாமல், அந்த ஒரு நாளுக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புவாள். எதுவும் செய்யாமல் இருந்தால் இரண்டு கோடாவது மிஞ்சியிருக்குமே என்று தோன்றியது. கிளம்பிவிடலாமா என்று வாயெடுத்தார். ஆனால் நோட்டில் இன்னும் ஒரு காரணம் அடிபடாமல் பாக்கி இருந்தது. பாக்கியை வைத்துக்கொண்டு எழுந்து போய்ப் பழக்கமில்லை அவருக்கு.

மறுபடியும் ஓடையோரம் நடந்தார். நீல வண்டிக்குள் பெரியவரும் அவர் மனைவியும் தட்டு நிறையப் பழம் நறுக்கி வைத்துக்கொண்டு, ஒரு பெரிய திரையில் துப்பறியும் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் ஒரு துளி நடுங்கவில்லை. வரைவாளர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு நல்லா வருதுங்களா?"

"அருமையா வருது தம்பி. தண்ணி மாதிரி" என்றார் பெரியவர்.

அதே சொல். வரைவாளருக்கு இனி எந்தச் சந்தேகமும் இல்லை. எல்லாத் தண்ணீரையும் இந்த ஒரு வீடு குடிக்கிறது. நாலு மணி முதல் ஐந்து மணிவரை இதை நிறுத்தி வைக்க முடியுமா, முடிந்தால் இப்போதிருந்தே, என்று தரையைப் பார்த்தபடி கேட்டார். அந்த அம்மாள் திரையைப் பார்த்தாள். துப்பறிவாளர் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, கொலைகாரன் இங்கேதான் இருக்கிறான் என்று விரலை உயர்த்தியிருந்தார். ஒரு பெருமூச்சோடு அணைத்துவிட்டாள்.

திரும்பி வந்தார். ஒரு கோடு, விட்டு விட்டு. இருபது நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது காரணத்தையும் அடித்தார். நோட்டில் இனி அடிக்க எதுவும் இல்லை. வண்டியின் படிக்கட்டில், ஈரச் சட்டையோடு, வாசல் பெஞ்சில் உட்காருவதுபோலவே உட்கார்ந்தார்.

இப்போதாவது சரியாக வருகிறதா என்று விசாரிக்கப் பெரியவரே நடந்து வந்தார். வரைவாளரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. ஏழு வருஷம், பதினோரு மாதம், ஒரு நாள், பெஞ்சு, ஜன்னல், நாலு மணி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பெரியவர் தோளில் கை வைத்தபடி கடைசிவரை கேட்டார். கண் கலங்கியிருந்தது.

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா தம்பி? நாங்க நாளைக்குக் கிளம்பறதா இருந்தோம். இப்பவே போயிடறோம். நாங்க இருந்தாத்தானே உங்களுக்கு இடைஞ்சல்?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று வரைவாளருக்குத் தெரியும். சொல்லவில்லை. அதை நினைத்து வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே, சீக்கிரம் கிளம்ப வசதியாக அவர்களுடைய மடக்கு நாற்காலிகளை மடித்துக் கொடுத்தார். மாமனார் முன்னால் நின்று, வா வா, இன்னும் வா என்று கைகாட்டி நீல வண்டியைத் திருப்பிவிட்டார். அந்த அம்மாள் ஜன்னல் வழியாகக் கை நீட்டி, வேலை நிச்சயம் கிடைக்கும் என்று வாழ்த்தினாள். வண்டி வாசலைத் தாண்டி வளைவில் மறைந்தது.

மூவரும் மடிக்கணினியைச் சுற்றி நின்றார்கள். மணி மூன்று ஐம்பது.

ஒரு கோடும் இல்லை. பட்டியலில் அந்தப் பெயரே இல்லை.

வரைவாளர் அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். அலுவலக வாசலில் சிலிண்டர் இறக்கும் சத்தம் கேட்டது. மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினார். முகாம்கார அம்மாள் திண்டாட்டத்தோடு தன் கைப்பேசியைத் தலைக்குமேல் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, உங்கள் வைஃபையை ஒரே ஒரு தடவை அணைத்துப் போடுங்கள், புண்ணியமாகப் போகும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் கைப்பேசியை இறக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நம்ம முகாமுக்கு ஏதுங்க வைஃபை? அந்த நீல வண்டிப் பெரியவர் சாட்டிலைட்ல இழுத்து, பூட்டுப் போடாம வச்சிருந்ததைத்தான் மூணு நாளா நானும் பாத்துட்டிருந்தேன். வர்ற வழியில சொல்றாரு, யாரோ ஒரு புண்ணியவான் நாள் முழுக்கக் கெஞ்சி அவங்களைக் கிளப்பி விட்டுட்டாராம்."